ரத்தக்கட்டு

கடலூர் முதுநகர்,
11.6.2025

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? மாமாவின் முழங்கால் வலி குறைந்ததா? எங்கள் வீட்டுக்காரர் சென்ற வாரம் பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் வாங்கி வந்தார். வீடு முழுக்க வாசனை. உனக்குக் கொடுத்தனுப்ப ஆளில்லை.

போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறாளே என்று நினைக்காதே. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து என் போன் அவரிடம்தான் இருக்கிறது. எனக்குக் கண் கூசும் என்கிறார். நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டுக் கொடுக்கிறார். நீ பதிலை எதிர்வீட்டு விருத்தாம்பாள் முகவரிக்கே போடு. தையல் வேலை செய்பவள், நல்ல மாதிரி. எங்கள் தபால்பெட்டியில் தண்ணீர் இறங்குகிறது.

நீ மருந்துக்கடையில் இருபது வருஷமாக இருப்பவள். அதனால் கேட்கிறேன். தை மாதம் ஸ்டென்ட் வைத்தபோது ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை எழுதினார்கள் அல்லவா, ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெல்லும். அதிலிருந்து கை கால் எல்லாம் கன்றிக் கன்றிப் போகிறது. "ஒன் ரத்தம் தண்ணியாப் போச்சு" என்கிறார் அவர். அந்த மாத்திரை உண்மையில் என்னதான் செய்கிறது? எத்தனை நாள் சாப்பிட வேண்டும்? ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டால் போதாதா?

உன் தங்கை,
தாட்சாயிணி


சிதம்பரம்,
17.6.2025

அன்புத் தாட்சா,

உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருஷம்! கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தே இரண்டு முறை படித்தேன். மாமாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. ஆனித் திருமஞ்சனத்துக்குத் தேர் பார்க்கவாவது நடப்பேன் என்கிறார். இந்த வருஷமாவது நீ வரக்கூடாதா? ஒரு மணி நேரத்துப் பஸ், கடல் தாண்டியா இருக்கிறாய்?

மாத்திரை விஷயம். ரத்தத்தில் பிளேட்லெட் என்று பொடிப்பொடியாகச் சில அணுக்கள் இருக்கின்றன. கத்தி பட்டால் அவைதான் ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டி ஓட்டையை அடைக்கும். உன் இதயக் குழாயில் வைத்த ஸ்டென்டையும் அவை காயம் என்றே நினைக்கும். அங்கேயும் கூட்டம் கூடி ஒட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். இந்த இரண்டு மாத்திரையும் அவற்றை ஒட்டவிடாமல் பிடித்து வைக்கின்றன. உன் ரத்தம் தண்ணீராகவில்லை. உறைய நேரமாகிறது, அவ்வளவுதான்.

உனக்கு ஒரு வருஷம் என்று எழுதியிருக்கிறார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற பேச்சே கூடாது. மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் போடு. மறுநாள் வேளை நெருங்கிவிட்டதென்றால் விட்டுவிடு, இரண்டாகச் சேர்த்துப் போடாதே. உடம்பு வலி என்று கடையில் வலி மாத்திரை வாங்கித் தின்னாதே, வயிற்றில் ரத்தம் கசியும். பல் டாக்டரே சொன்னாலும் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதே. மலம் கறுப்பாகப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ, வலிக்காவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போ. தலைக்குள் கசிவது வெளியே தெரியாது.

கன்றுவது சகஜம். கட்டில் முனையில் இடிக்கும் முழங்கால், கதவில் படும் முழங்கை, இங்கெல்லாம் வரும். உனக்கு எங்கெங்கே வருகிறது? எழுது.

அக்கா,
அபயாம்பாள்


கடலூர் முதுநகர்,
30.6.2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு விருத்தாம்பாளிடமே கொடுத்துவிட்டேன். இங்கே வைக்க இடமில்லை.

திருமஞ்சனத்துக்கு வர முடியாது. அவருக்கு சிப்காட்டில் ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கிறது. சூப்பர்வைசர் ஆனதிலிருந்து டென்ஷன் ஜாஸ்தி. வீட்டில் ஆள் இருந்தாக வேண்டும். சாய்நாத் பெங்களூரிலிருந்து பேசினான். "அப்பா டென்ஷன் பார்ட்டி, நீதாம்மா அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்" என்றான்.

எங்கே என்று கேட்டிருந்தாய். மேல்கையில்தான். உள்பக்கம் வரிசையாக நாலு, வெளிப்பக்கம் ஒன்று. ஒருமுறை கழுத்தோரம். கதவில் இடித்திருப்பேன்.

இப்போது கவலையில்லை. நெல்லிக்குப்பத்தில் ஒரு வளைகாப்புக்குப் போனோம். வளையல் போடக் கையைப் பிடித்தவள் புடவையை விலக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா இது?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டாள். எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும், "ஊரே என்னை ஒரு மாதிரி பாக்குது. நாளைலேந்து அந்த மாத்திரை கெடையாது" என்று அட்டையோடு எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். இன்றோடு ஆறு நாள். நெஞ்சு வலி ஒன்றும் இல்லை. கையும் வெளுத்துவிட்டது. பார், எல்லாம் மாத்திரையால்தான்.

தாட்சாயிணி


சிதம்பரம்,
3.7.2025

தாட்சா,

உன் கடிதம் மதியம் வந்தது. இதைத் தபாலில் போட எனக்கு மனமில்லை. மாமா அடுத்த பஸ்ஸில் எடுத்துவருகிறார். கூடவே ஒரு மாதத்துக்கு இரண்டு மாத்திரையும் இருக்கிறது.

உன் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். பதறிவிட்டார்கள். ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, நிறுத்தினால் எந்த நிமிஷமும் அடைக்கலாம், அடைத்தால் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதே சந்தேகம் என்றார்கள். வலி இல்லை என்பதற்கு அர்த்தமே இல்லை. இன்றே ஒரு வேளை போடச் சொன்னார்கள், சீக்கிரம் நேரில் வரவும் சொன்னார்கள்.

இனி நான் நேராகவே எழுதுகிறேன். உள்பக்கம் நாலு, வெளிப்பக்கம் ஒன்று. கதவுக்கு விரல் கிடையாது தாட்சா. மாத்திரை கன்றலைப் பெரிதாக்கும். யாரும் பிடிக்காத கையில் விரலை வரையாது. அது பூட்டப்பட்டது உன் உடம்புக்காக இல்லை. அவர் செய்வது வெளியே தெரிகிறது, அதற்காக.

எனக்கு இது புதிதாகத் தெரிந்ததுபோல நடிக்கப் போவதில்லை. 2008 மார்கழியில் உதடு வீங்கி, சாய்நாத்தை இழுத்துக்கொண்டு கீழவீதி வீட்டு வாசலில் வந்து நின்றாய். "புருஷன் பொண்டாட்டி விஷயம், காலைல பஸ் ஏத்தி விடு" என்றார் மாமா. நான் ஏற்றிவிட்டேன். உனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஏதோ நல்லது செய்தவள்போல வீட்டுக்கு வந்து காப்பி போட்டுக் குடித்தேன். பதினாறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒருநாள்கூட அதைப் பற்றி உன்னிடம் பேசியதில்லை. நீயும் கேட்டதில்லை.

மாத்திரையைப் போடு. மற்றதைப் பிறகு பேசலாம்.

அக்கா


கடலூர் முதுநகர்,
19.7.2025

அக்கா,

மாத்திரை போடுகிறேன். காலையில் துணி தைக்கக் கொடுக்கிற சாக்கில் விருத்தாம்பாள் வீட்டுக்குப் போய் அவள் சமையலறையில் நின்று விழுங்கிவிட்டு வருகிறேன். அவருக்குக் காலை ஷிப்ட் இல்லாத நாட்களில் கஷ்டம். போன வாரம் ஒருநாள் தவறிவிட்டது.

மாமா வந்ததை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவர் அன்று ஷிப்டுக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். மாமா விருத்தாம்பாளிடம் பையைக் கொடுத்துவிட்டு, என் ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்து, தலையைக் குனிந்துகொண்டு போனார். தெருவின் அகலம் பத்தடிதான். கூப்பிடத் தோன்றவில்லை.

நீ கேட்டுவிட்டாய், சொல்கிறேன். மாதம் ஒன்றிரண்டு முறை. முன்பெல்லாம் அதிகம். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அழுதார், இனி கை நீட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்தார். அது பங்குனி வரைக்கும்தான்.

இப்போது கை மறுபடியும் கன்றுகிறது. முழுக்கை ரவிக்கை போடுகிறேன். முந்தாநாள் சாம்பாரில் உப்பு கூடிவிட்டதென்று தள்ளினார். சுவரில் தலை இடிக்கப்போய், தோளைக் கொடுத்துத் தப்பித்தேன். விழும்போதே உன் கடிதம்தான் ஞாபகம் வந்தது, தலைக்குள் கசிவது வெளியே தெரியாது என்று எழுதியிருந்தாயே. மாத்திரை போடாவிட்டால் நெஞ்சு அடைக்கும். போட்டால் ஒரு தள்ளலில் தலைக்குள் ரத்தம் கொட்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான் அக்கா. சமையலறையில் எந்த மூலையில் நின்றால் பின்னால் கூர்மையாக ஒன்றும் இருக்காது என்று பார்த்துப் பார்த்து நிற்கிறேன்.

நீ வராதே. வந்து போன பிறகு நான்தான் இங்கே இருக்க வேண்டும்.

தாட்சாயிணி


சிதம்பரம்,
24.7.2025

தாட்சா,

வராதே என்கிறாய், வரவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போ. "செக்கப் தேதி தாண்டிப் போச்சு" என்று அவரிடம் சொல். ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்கே போன் வரும், நான் சொல்லி வைத்திருக்கிறேன். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல். பூட்டி வைத்து நிறுத்திய நாட்கள், தவறிய ஒருநாள், தலை இடிக்க இருந்தது. அதைச் சொல்லாமல் அவர்களால் உனக்கு மருந்து எழுத முடியாது. பெண்களுக்கு 181 என்று ஒரு நம்பர் இருக்கிறது, விருத்தாம்பாள் போனிலிருந்து பேசலாம்.

அன்றைக்குப் போல் இல்லை, என் வீடு திறந்திருக்கிறது. மாமாவும் அதையேதான் சொல்லச் சொன்னார். பதில் எழுது.

அக்கா


சிதம்பரம்,
12.8.2025

தாட்சா,

பதில் இல்லை. விருத்தாம்பாளுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. ஒரு வரி எழுது. வெறும் தாளை மடித்துப் போட்டாலும் போதும்.

அக்கா


21.8.2025

அன்புள்ள அக்கா,

மேலே ஊர் பெயர் எழுதக் கூடாதென்று சொல்லியிருக்கிறார்கள். நான் நன்றாக இருக்கிறேன். உன் இரண்டு கடிதமும் விருத்தாம்பாள் மூலமாக நேற்றுத்தான் கைக்கு வந்தது. பாவம், அவளையும் மிரட்டியிருக்கிறார்.

செக்கப்புக்கு வரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததும், ஆகஸ்ட் ஐந்தாம் தேதி புதுச்சேரிக்குக் கூட்டிப் போனார். ஒரு பெண் டாக்டர். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்ற ரவிக்கைக் கையை மேலே தள்ளியவள் நின்றுவிட்டாள்.

"இது எப்படி ஆச்சு?"

நான் வாய் திறப்பதற்குள் அவர், "மாத்திரைதான் டாக்டர். தொட்டாலே நீலமாயிடுது" என்றார்.

"நான் அவுங்களைக் கேட்டேன். நீங்க கொஞ்சம் வெளியில இருங்க."

"இல்ல, அவளுக்குச் சொல்லத் தெரியாது."

"வெளியில இருங்க சார்."

நர்ஸ் கதவைச் சாத்தினாள். டாக்டர் மெதுவாக, "மாத்திரை கன்றலை ஜாஸ்தியாக்கும்மா. ஆனா இது பிடிச்ச கை. யாரு?" என்றாள். வழக்கம்போல நான், "கதவு" என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். வெளியே அவர் செருப்புச் சத்தம் அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தது. "அவருதான்" என்றேன். மாத்திரையைப் பூட்டியதையும் சொன்னேன். அதை எழுதும்போதுதான் அவள் முகம் மாறியது. "இது அடிக்கறதை விட மோசம்மா" என்றாள்.

மூன்று நாள் அங்கேயே படுக்க வைத்துப் பரிசோதித்தார்கள். அவரை வார்டுக்குள் விடவில்லை. ஆஸ்பத்திரியிலேயே ஒரு மேடம் வந்து பேசினார். அந்த மேடம்தான் பெண்கள் தங்கும் இந்த இல்லத்தில் சேர்த்தார். போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சாய்நாத் பேசினான், அழுதான். எதற்காக அழுதான் என்று கேட்கவில்லை.

இங்கே மாத்திரை என் தலைமாட்டிலேயே இருக்கிறது. போன வாரம் வாளி தூக்கும்போது குழாயில் முழங்கையை இடித்துக்கொண்டேன். சாயங்காலம் உள்ளங்கை அகலத்துக்கு நீலம். பக்கத்துக் கட்டில் பெண், "யாருக்கா அடிச்சது?" என்றாள். "யாருமில்லம்மா, கொழாதான். நான் மாத்திரை சாப்பிடறேன்" என்றேன். அவள் நம்பவேயில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் நானும் அழுதேன். ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் இன்னும் எழுந்து நின்றுவிடுகிறேன்.

உன் வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று உனக்குத் தோன்றும். அவர் முதலில் தேடும் இடம் அதுதான், ஒன்று. இன்னொன்றை நீயே மாமாவிடம் கொடுத்தனுப்பிய கடிதத்தில் எழுதிவிட்டாய். கோபம் இல்லை என்று சொன்னால் பொய். இருக்கிறது. எனக்கே தெரியாமல் இத்தனை வருஷம் இருந்திருக்கிறது. ஆனால் அன்று நடந்ததை ஒளிக்காமல் எழுதியவள் நீ ஒருத்திதான்.

இங்குள்ள மேடம் உனக்குப் போன் செய்வார். அவர் சொல்லும் இடத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வா. மாமா வேண்டாம், நீ மட்டும் வா. கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திரு. வீட்டுக்கு வா என்று மட்டும் கூப்பிட்டுவிடாதே. வர வேண்டும் என்று தோன்றும்போது நானே கேட்கிறேன்.

தாட்சா