சோல்வி இளைத்தபோது

பிப்ரவரி 3

டிப்போ உணவறையில் கூட வேலை செய்யும் ஆர்விட் என் தட்டை எட்டிப் பார்த்தான். "தொருன், அந்த ரெண்டாவது ரொட்டி அவசியமா?"

காலையில் ஆறு கிலோமீட்டர் பனியில் சறுக்கிக்கொண்டு வேலைக்கு வந்தவள் நான். பக்கத்துத் தெருவிலிருந்து காரில் வந்தவன் அவன். சிரித்து மழுப்பினேன். ஏன் சிரித்தேன்? இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

அம்மா வீட்டில் சாப்பாடு. தங்கை சோல்வி இரண்டு மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கியிருக்கிறாள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"என்னடி பண்ணின? உங்கக்காவுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடேன்."

"ஒண்ணுமே பண்ணலம்மா. நல்லாத்தான் சாப்பிடுறேன். அதுவா குறையுது."

"அதிர்ஷ்டக்காரி!" என்றாள் இங்கெர் சித்தி.

ஒரு ஜாடித் தண்ணீரைச் சோல்வி ஒருத்தியே குடித்து முடித்தாள். நடுவில் மூன்று முறை கழிவறைக்கு எழுந்து போனாள். யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் அவள் இடுப்பைத்தான் பார்த்தார்கள்.

பிப்ரவரி 14

கண் மங்குகிறது என்று சோல்வி போனில் சொன்னாள். சர்க்கரை பார்த்துக்கொள் என்றேன்.

"அதெல்லாம் குண்டா இருக்கறவங்களுக்குத்தானேக்கா வரும்? முதல்ல நீ போய்ப் பாரு."

போனை வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 15

இவளுமா?

பிப்ரவரி 18

கோபத்தை விழுங்கிக்கொண்டு நானே அவளை இழுத்துப் போனேன். டாக்டர் என்னைப் பார்த்து, "உங்களுக்கு எப்போலேர்ந்து..." என்று ஆரம்பித்தார். எனக்கில்லை, இவளுக்கு என்றேன்.

"இவங்களுக்கா? நல்லா ஃபிட்டா இருக்காங்களே. வேலைக் களைப்பா இருக்கும்."

"இப்பவே விரல்ல குத்திப் பாருங்க டாக்டர். பாக்காம நான் இந்த நாற்காலிய விட்டு எழுந்திரிக்க மாட்டேன்."

குத்தினார். கருவியில் எண்ணே வரவில்லை. அது அளக்கக்கூடிய அளவையும் தாண்டியிருந்தது. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால்?

பிப்ரவரி 20

முதல் வகைச் சர்க்கரை நோய். உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது. தின்றதால் வந்ததில்லை, சோம்பலால் வந்ததுமில்லை. வார்டு வாசலில் அம்மா அழுதாள்: "அவ அப்படி என்னத்தத் தப்பா தின்னா?"

கத்திவிட்டேன். "ஒண்ணும் தப்பா தின்னலம்மா! செத்துக்கிட்டிருந்தா. நீங்க எல்லாரும் கைதட்டினீங்க!" நர்ஸ் வந்து கதவைச் சாத்தினாள்.

என் ரத்தத்தையும் பார்த்தார்கள். சர்க்கரை இல்லை. நாளைக்கு வரலாம். வந்தால்? அப்போதும் நான் குற்றவாளி இல்லை — இதை யாரிடம் போய்க் கத்துவது?

ஏப்ரல் 20, ஈஸ்டர்

இன்சுலின் போட்டுக்கொள்ள ஆரம்பித்ததிலிருந்து சோல்விக்கு எட்டு கிலோ திரும்பியிருக்கிறது. ஆட்டுக்கறியை வெட்டிக்கொண்டே சித்தி, "ஐயோ, பழையபடி உடம்பு போட்டுட்டியேடி" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் சோல்வி முந்திக்கொண்டாள். "ஆமா சித்தி. உயிரோட இருக்கேன்ல? அதுக்கு ஒரு வாழ்த்து சொல்லுங்க."

சித்தி கத்தியைக் கீழே வைத்தாள். அம்மா எழுந்து சோல்வியின் உச்சியில் முத்தமிட்டாள். அப்படியே என் பக்கம் வந்து, தோளில் கை வைத்துச் சற்று நேரம் நின்றாள்.

மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் வரவில்லை. கையை நான் தட்டிவிடவில்லை.