மஞ்சள் பனியன்

சித்திரை, ஞாயிறு இரவு

முடித்துவிட்டேன்! இரண்டு கிலோமீட்டர் நீச்சல், தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். நேரம் முடிய நாலே நிமிடம்தான் மிச்சம். கால் மடங்க மறுக்கிறது, ஆனாலும் எழுந்து ஆட வேண்டும் போலிருக்கிறது.

ஓட்டத்தில் வீரபாண்டிக்கு வந்தபோது கண் இருட்டியது. காற்றே இல்லை. வேர்வை காயவே மாட்டேன் என்றது. அங்கே கோயில் திருவிழா. தீச்சட்டி எடுத்து வருகிறவர்கள் மேல் ஊற்ற, ரோட்டோரம் பெண்கள் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நின்றார்கள். போட்டியில் கொடுத்த என் பனியனும் மஞ்சள்.

"புள்ள வாடிப்போயி வருது, ஊத்துங்கடி!" என்றார் ஒரு அக்கா. தலையோடு மூன்று குடம். போன உயிர் திரும்பி வந்தது.

"என்ன வேண்டுதல் ஆத்தா?"

"ஓடி முடிக்கணும்க்கா." பொய் இல்லையே.

அவர் குனிந்து ஷூவோடு என் காலைத் தொட்டார். "எம்மகளுக்கு நாளைக்கு ஆப்பரேசன். அவளுக்கும் சேத்து வேண்டிக்க ஆத்தா."

நான் சாமிக்கு ஓடவில்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "சரிக்கா" என்று சொல்லிவிட்டு ஓடினேன். மிச்ச நாலு கிலோமீட்டரும் பெயர் தெரியாத அந்த மகள் என் கூடவே வந்தாள்.

"எங்கன விழுந்தீக, பூரா மஞ்சளா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டேதான் பதக்கத்தை மாட்டிவிட்டார்கள். சிரித்து மழுப்பினேன்.

பதக்கம் தலைமாட்டில் கிடக்கிறது. தூக்கம்தான் வரவில்லை. ஆப்பரேசன் எத்தனை மணிக்கு என்றுகூடக் கேட்காமல் வந்துவிட்டேன். காலையில் முதல் பஸ்ஸுக்கே வீரபாண்டி போகிறேன், இந்த முறை ஷூ இல்லாமல்.