தப்பிக்கும் சாலை

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஸ்தோத்திரம்.

அப்பா, முழங்கால் வலி தேவலையா? நான் நலம். இங்கே ஜப்பானில் இப்போது நிலம் ஆடுவதில்லை.

போனில் சொன்னால் பதறுவீர்கள் என்று எழுதுகிறேன். நிலநடுக்கத்தில் நிறுத்திய அணு உலையை மறுபடி ஓட்ட ஊர்க்கூட்டம் போட்டார்கள். விபத்து நடந்தால் மக்கள் தப்பிக்க வேண்டிய சாலையை ஓர் அதிகாரி வரைபடத்தில் காட்டினார். நிலநடுக்கத்தில் சரிந்து கிடக்கும் மலைச்சாலை அது. எங்கள் கம்பெனிதான் அங்கே மண் அள்ளுகிறது.

நான் எழுந்தேன். கூட வேலை பார்க்கும் சின்னமனூர் தங்கபாண்டி அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏத்தா, உக்காரு. மொதலாளி முன்னால இருக்காக. சீட்டக் கிழிச்சிருவாக."

"அந்தச் சாலையில் எங்கள் லாரியே போக முடியவில்லை. ஜனங்கள் எப்படிப் போவார்கள்? உலையை ஓட்டாதீர்கள்" என்று எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் சொன்னேன். அதிகாரி என் பெயரையும் கம்பெனியையும் கேட்டார். கம்பெனியைச் சொல்லவில்லை.

"தேனி கிங்ஸ்லி மகள் எப்சிபா" என்றேன்.

மண்டபமே கை தட்டியது, அப்பா.

"கலெக்டரம்மா, நடங்க" என்று அண்ணன் வழியெல்லாம் கிண்டல்.

கொஞ்சம் ஏலக்காயும் இட்லிப் பொடியும் அனுப்புங்கள். நம்மூர் செய்தித்தாளில் சுற்றுங்கள், படித்துக்கொள்வேன். ஆனால் ஒரு வாரம் பொறுத்து அனுப்புங்கள். முதலாளி நாளை வரச் சொல்லியிருக்கிறார். வேலை போனால் ஊருக்குத்தான் வருவேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, "இவள் என் மகள்" என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லுங்கள்.

லாரி வந்துவிட்டது.

எப்சிபா