கண்ணை மட்டும் மூடுகிறேன்

வியாழன், பௌர்ணமிக்கு மறுநாள்.

செங்கம் ரோடு விடுதியில் ஏசி மாட்டிவிட்டு, எலக்ட்ரீஷியன் கரீம் பாயோடு மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தேன். வழக்கம்போல் சோற்றில் கை வைக்குமுன் ஜெபம் செய்வதுபோல் கண்ணை மூடித் திறந்தேன். பாய் சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு யாஸ்மினுக்கு நாளைக்கு ஹார்ட் ஆபரேஷன்பா. நான் துவா பண்ணிக்கினுதான் இருக்கேன். நீயும் தெனம் கண்ண மூடி பேசுறியே, ஒங்க ஆண்டவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லு. சீக்கிரம் சொல்லு, சாம்பார் ஆறுது."

சிரித்துத் தலையாட்டினேன். எங்கே பேசுகிறேன்? அம்மா போனதிலிருந்து கண்ணை மூடுவது வெறும் பழக்கம். இதை பாயிடம் எப்படிச் சொல்வது? வேறு யாரிடம்தான் சொல்வது?

இப்போது இரவு, என் அறையில் முழங்காலிட்டுப் பார்த்தேன். ஜெபம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அதோடேயே சொன்னேன்: அம்மாவின் உயிரைக் கேட்டேன், நீர் கொடுக்கவில்லை. யாஸ்மினுக்காவது கொடும். கோபமாகத்தான் இருக்கிறேன். இருந்தாலும் கொடும்.