உன் படம் ஒட்டிய அட்டை

அன்புள்ள மருமகளுக்கு,

நானும் உன் மகனும் நலம். நீ வேலைக்காக வெளியூர் கிளம்பிய அன்று நமக்குள் நடந்த வாக்குவாதத்தை இங்கே எழுதப் போவதில்லை.

பேச்சுப் பயிற்சிக்கு அவனை நானே அழைத்துப் போகிறேன். படத்தைக் காட்டினால் பேச்சு வந்துவிடுமா என்று உன்னிடம் கேட்டவள் நான். பேச்சு இன்னும் வரவில்லை. ஆனால் தாகம் எடுத்தால் இப்போது கத்துவதில்லை. தண்ணீர்ப் படம் போட்ட அட்டையை என் கையில் திணிக்கிறான். 'தயவுசெய்து' சொல்லாமல் எதையும் கேட்கக் கூடாது என்று கான்வென்டில் வளர்ந்த நான், வாயை மூடிக்கொண்டு கொடுக்கிறேன்.

"கேட்டதும் குடுத்துடணும்மா. இழுத்தடிச்சா கேக்கறதையே விட்டுடுவான்" என்று பயிற்சி தரும் பெண் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள்.

உன் புகைப்படத்தை அட்டையில் ஒட்டியது நான்தான். அவளைக் கேட்காமல் செய்தேன். இப்போது தினமும் சாயங்காலம் அதை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்க்கிறான். பிஸ்கட் கொடுத்தால் வீசியெறிகிறான்.

"குடுக்க முடியாத படத்தை எடுத்து வெச்சிடுங்கம்மா" என்றாள் அவள்.

"எடுத்துட்டா அவன் அம்மாவை எப்படிக் கேப்பான்?"

"அப்போ அவங்களை வரச் சொல்லுங்க."

"அவளுக்கு என் மேல கோபம்."

"அவன் மேல இல்லையே?"

பெரிய வாய்க்காரி.

தயவுசெய்து இந்த விடுமுறைக்கு வா. கேட்பது உன் மகன். தயவுசெய்து என்பது மட்டும் நான் சேர்த்தது.

இப்படிக்கு,
உன் மாமியார்