பஸ்மதியாக நீண்ட படிகங்கள்

இன்று மாலை ஆய்வுகூடக் கதவைத் திறந்ததும் அதே கருவாட்டு வாடை. படிகம் வளர்க்க ஊற்றும் அமீன் என்ற ரசாயன எண்ணெய் சூடேறும் வாடைதான். "கருவாடு பொரிச்சா கறியாவது மிஞ்சும், இதுல என்ன மிஞ்சும்?" என்று நீ கேட்பாய். நீ போன பிறகு யாரும் இதைக் கேலி செய்வதில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

நீ கம்பளையிலிருந்து ரயிலில் வருவாய். நான் கண்டியிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவேன். கண்ணுக்கே தெரியாத குறைகடத்திப் படிகங்களைக் குடுவைக்குள் வளர்ப்பது நம் இருவரின் ஆய்வு. அவற்றை அவற்றின் பாட்டுக்கு விட்டால் உருண்டையாகிவிடும். நமக்கோ நீளமான கோல்கள் வேண்டும். "சம்பா வேணாம், பஸ்மதிதான் வேணும்" என்று அதை நீ அரிசிக் கணக்கில் சுருக்கிவிட்டாய். அதற்குச் செலீனியக் கரைசலைச் சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் புதுப் படிகங்கள் குஞ்சுகுஞ்சாய்ப் பிறக்கும். பாதியில் நிறுத்தினால் நீண்டவையும் முனை தேய்ந்து உருளத் தொடங்கும்.

அந்த நோன்பு மாதத்தில் கரைசல் ஒரு தடவைக்குத்தான் மிஞ்சியிருந்தது. உனக்கோ அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அதற்குமுன் கோல்களை வளர்த்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாய். இந்த உடம்போடு நோன்பு வேறு. நான் திட்டினேன்.

"அங்க பெய்த்தா நோன்பு புடிக்க ஏலாதே. வீட்டுல ஈக்கிற நாளைக்காவது புடிக்கிறேன்" என்றாய்.

பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. சிரிஞ்சைப் பிடித்தபடி நீ அசையவே இல்லை.

"போய் நோன்பு தொறடி, நான் பாத்துக்கிறேன்."

"கை மாறினா வேகம் மாறிரும் புள்ள."

"மாறாது. என்னைய நம்பு."

என் விரல்களை உன் விரல்கள்மேல் வைக்கச் சொன்னாய். நீ அழுத்தும் வேகம் எனக்குப் பழகிய பிறகுதான் உன் கையை மெல்ல உருவிக்கொண்டாய். வெளியே வராந்தாவில் நின்று பேரீச்சம்பழம் தின்றபடி, "கொஞ்சம் கொஞ்சமா உடு!" என்று கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தாய். என்மேல் உனக்கிருந்த நம்பிக்கை அவ்வளவுதான்.

நுண்காட்டிப் படம் வந்தபோது நீ ஆஸ்பத்திரி வாட்டில் இருந்தாய். அங்கே வந்து போனில் காட்டினேன். அத்தனையும் நீளநீளமாக. "பஸ்மதி!" என்று நீ கத்தியதில் பக்கத்துக் கட்டில் அம்மா, சோறு வந்துவிட்டதென்று தட்டைத் தேடினார். நாம் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து அதட்டினாள். அதன்பின் நீ அதிக நாள் இருக்கவில்லை. உன்னை நினைத்தால் இப்போதும் எனக்கு அழுகை வருகிறது. நடுவில் அந்த அம்மாவின் தட்டு வந்து சிரிக்கவும் வைத்துவிடுகிறது.

இதுவும் நோன்பு மாதம். இன்று குடுவைக்கு முன்னால் நான் தனியாக நின்றிருந்தேன். பாங்கு கேட்டதும் உன்னிடமிருந்து சிரிஞ்சை வாங்க என் இடக்கை தானாக நீண்டது. அது ஏற்கெனவே என் வலக்கையில்தான் இருந்தது, நீ பழக்கிவிட்ட அதே வேகத்தில் சொட்டிக்கொண்டு.