பன்னிரண்டாவது டேக்

பாரிசில் இருக்கும் அப்பாவுக்கு,

லீல் நகரிலிருந்து உங்கள் மகள் குளோத்தில்ட் எழுதுவது. நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள்; போன வாரப் பத்திரிகையில் உங்கள் படத்தைப் பார்த்தேன், கழுத்தில் அதே சாம்பல் நிற மஃப்ளர். சர்க்கரை மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை உங்கள் புதுப் படத்தின் டப்பிங்குக்கு வரச் சொல்லி உங்கள் உதவியாளர் ரயில் டிக்கெட் அனுப்பியிருக்கிறார். முதல் வகுப்பு! ஆறு வருடமாக என் நாடகம் ஒன்றைப் பார்க்க வர உங்களுக்கு இரண்டாம் வகுப்பு டிக்கெட்கூடக் கிடைக்கவில்லை. அந்த டிக்கெட்டை இதனுடனே வைத்திருக்கிறேன். நான் வரப்போவதில்லை.

எதற்குக் கூப்பிடுகிறீர்கள் என்று ஒலிப்பதிவாளர் கிஸ்லேன் போனில் சொல்லிவிட்டார். "அந்த சமையலறை சீன்ல நீ அழறதுக்கு மேலயே உங்கப்பா குரல் விழுந்திருக்கும்மா. ரெண்டையும் பிரிக்க முடியல. நீ வந்து இன்னொரு தடவ அழுதாத்தான் அந்த ஷாட் படத்துல நிக்கும்" என்றார். பாவம், சொல்லவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

நார்மண்டியில் எடுத்த காட்சி அது. பட்டாணி உரித்துக்கொண்டிருக்கும் மகள், அம்மா இறந்த செய்தி கேட்டு அழ வேண்டும். நிஜத்தில் அம்மா போய் ஐந்து மாதம்கூட ஆகாத சமயம். பதினோரு டேக் எடுத்தும் எனக்குக் கண்ணில் ஈரம் வரவில்லை. பன்னிரண்டாவதில், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பின்னாலிருந்து சொன்னீர்கள்: "உங்கம்மா உன்ன ஒரு நாளும் நடிகையா நெனச்சதே இல்ல. சாகறதுக்கு மொத நாள் எங்கிட்ட சொன்னா. இவளுக்கு யாராவது எடுத்துச் சொல்லக் கூடாதான்னு கேட்டா."

நான் உடைந்துபோனேன். நீங்கள் கட் சொன்னதும் எல்லோரும் கை தட்டினார்கள். உங்களைக் கட்டிக்கொண்டார்கள். மதியச் சாப்பாட்டில் பாலாடைக்கட்டியை வெட்டிக்கொண்டே, "நடிக்கத் தெரியாதவங்கள அழ வைக்கறதுக்குப் பேருதான்யா டைரக்‌ஷன்" என்று கேமராமேனிடம் சொன்னீர்கள். இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த நானும் சேர்ந்து சிரித்தேன். உங்கள்மேல் இருப்பதைவிட அந்தச் சிரிப்பின்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

ஒரு யோசனை சொல்கிறேன். அந்த ஷாட்டை அப்படியே போடுங்கள், உங்கள் குரலோடு. எனக்கு ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். திரைப்பட விழாவில் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் கேட்கட்டும், பெரிய இயக்குநருக்கு ஒரு நல்ல ஷாட் எப்படிக் கிடைக்கிறது என்று. அதற்குத் தைரியம் இல்லையென்றால் வெட்டி எறியுங்கள். வேறு யாரையாவது அழ வைத்து என் வாயில் ஒட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். என் சம்மதம் இல்லாமல் என் குரலை மாற்றக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டீர்கள், நான் படித்துவிட்டுப் போட்டேன்.

இங்கே சனிக்கிழமை எங்கள் புது நாடகம் தொடங்குகிறது. எண்பது பேர் உட்காரும் அரங்கம், ஹீட்டர் வேலை செய்யாது, ஜனங்கள் கோட்டைக் கழற்றாமலே பார்ப்பார்கள். நான் நன்றாக நடிக்கிறேன், அப்பா. இதை யாரும் வந்து எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அம்மா நிஜமாகவே அப்படிச் சொன்னாளா? இல்லை, காட்சிக்காக நீங்கள் இட்டுக்கட்டியதா? பொய் என்றால் பொய் என்று ஒரு சொல் எழுதுங்கள், மன்னிப்பெல்லாம் வேண்டாம். உண்மை என்றாலும் எழுதுங்கள். அதற்காக நான் மேடையை விட்டு இறங்கிவிட மாட்டேன். ஆனால் அம்மா போனதற்கு நான் இதுவரை ஒரே ஒரு தடவைதான் அழுதிருக்கிறேன். அது உங்கள் படத்தில் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து அவளுக்காக அழ, எனக்கு அந்தப் பதில் வேண்டும்.

கடவுள் உங்களுக்கு நல்ல உடம்பைக் கொடுக்கட்டும்.

உங்கள் மகள்,
குளோத்தில்ட்